எஞ்சினுக்குள் ஒரு சங்கிலி

பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர்

எண்ணூர் என்றதும் லாரியும் பஸ்ஸுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் அங்கே முதன்முதலில் பூட்டப்பட்டது கார்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1948-ஆம் ஆண்டு ரகுநந்தன் சரண் என்பவர் தம் மகன் அசோக்கின் பெயரால் 'அசோக் மோட்டார்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே, இங்கிலாந்திலிருந்து பகுதி பகுதியாக வந்த ஆஸ்டின் ஏ-40 கார்கள் எண்ணூரில் முழுமை பெற்று வெளிவரத் தொடங்கின. பின்னர் லேலண்ட் நிறுவனத்தின் கூட்டுறவு ஏற்பட்டு, 1950-களின் நடுவில் பெயரும் 'அசோக் லேலண்ட்' ஆயிற்று. கார் போய் லாரி வந்தது. அந்த ஏ-40 காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினைத் தழுவி வளர்ந்ததே 'பி-சீரிஸ்' எனப்படும் எஞ்சின். வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர் காரில் பல்லாண்டுகள் ஓடியது அதுதான். எனவே அம்பாசிடரின் எஞ்சினை எண்ணூருக்கு ஒரு வகையில் உறவு என்று சொன்னால் மிகையாகாது.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் இங்கொன்றும் அங்கொன்றுமாக அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவ்வாண்டு ஒரு சனிக்கிழமை, இராயபுரத்தில் ஒரு சிறு பட்டறையில், அத்தகைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்றின் 'டைமிங் செயினை' மாற்றுவதைக் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. இயற்பியல் ஆசிரியை உடன் வந்தார். தலைமைச் சகோதரி அனுமதி தரும்போதே, "பார்த்துவிட்டு வந்தால் போதாது; மற்றவர்களுக்கும் விளங்கும்படி எழுதித் தரவேண்டும்" என்று கூறிவிட்டார்கள். ஆகவே இக்கட்டுரை.

முதலில் பாடநூலுக்கு வருவோம். 'நான்கு வீச்சு எஞ்சின்' என்று நாம் படிக்கிறோம். பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது அது அமுக்கப்படுகிறது. தீப்பொறி பட்டு எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் மேலே ஏறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கு வீச்சும் முடிவதற்குள் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றிவிடுகிறது. ஆனால் காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் ஒவ்வொரு முறைதான் திறக்கின்றன. இந்த 'இரண்டுக்கு ஒன்று' என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 50 சுற்று. அப்படியானால் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூட வேண்டும். ஒரு மணி நேரத்தில் 90,000 முறை! ஒவ்வொரு முறையும் பிஸ்டன் சரியான இடத்தில் இருக்கும்போதுதான் திறக்கவேண்டும், சரியான இடத்தில் மூடவேண்டும். நேரம் தவறினால் அமுக்கப்படவேண்டிய காற்று வெளியே ஓடிவிடும். அல்லது போகவேண்டிய புகை உள்ளேயே தங்கிவிடும்.

வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. அதன்மேல் முட்டையின் கூரிய முனைபோன்ற மேடுகள் உள்ளன. தண்டு சுழலும்போது மேடு வந்து முட்டினால் வால்வு திறக்கும். மேடு விலகினால் வில்லின் விசையால் மூடிக்கொள்ளும். கிராங்க் தண்டின் முன்முனையில் ஒரு சிறு பற்சக்கரம்; கேம் தண்டின் முன்முனையில் அதைப்போல் இருமடங்கு பற்கள் கொண்ட பெரிய பற்சக்கரம். இவற்றை ஸ்ப்ராக்கெட் என்பார்கள். இரண்டையும் இணைத்து ஓடுவதுதான் டைமிங் செயின். சிறியது இரண்டு சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. பாடநூல் கேட்ட கணக்கு அப்படியே இரும்பில் இருக்கிறது.

சங்கிலி இன்றியும் இதைச் செய்யலாம். திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு நிறுவனத்தின் பழைய புல்லட் வண்டிகளில் கேம்களைச் சுழற்றுவது பற்சக்கரங்களே. எங்களில் சிலருடைய தாத்தாக்கள் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு இது நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பற்சக்கரத்துடன் பற்சக்கரம் நேராகப் பொருந்தினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழலும். சங்கிலியால் இணைத்தால் ஒரே திசையில் சுழலும். (இது தேர்வில் வரக்கூடிய கேள்வி என்று ஆசிரியை அங்கேயே எச்சரித்தார்!)

சங்கிலி என்றதும் சைக்கிள் நினைவிற்கு வரும். உருவத்தில் ஒன்றுபோலத்தான். இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880-இல் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட் என்னும் சுவிஸ் நாட்டுப் பொறியாளர். சைக்கிளுக்கும் எஞ்சினுக்கும் அதுவே மூலம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சைக்கிளில் செயின் கழன்றால் வழியிலேயே நிறுத்தி, எந்தப் பல்லில் மாட்டினாலும் வண்டி ஓடும். கையில் கறை படுவது ஒன்றே துன்பம். எஞ்சினில் அப்படியில்லை. இந்தப் பல்லுக்கு இந்தக் கண்ணி என்று கட்டுப்பாடு உண்டு. சிறிய ஸ்ப்ராக்கெட்டில் 20 பற்கள் என்று கொண்டால், ஒரு பல் தவறுவது 360-ஐ 20-ஆல் வகுத்த 18 டிகிரி தவறுவதாகும். கண்ணால் பார்த்தால் விரல்நுனி அகலம்கூட இராது. எஞ்சினுக்கோ அது பெரும் பிழை.

"செயின் நீண்டுபோச்சு" என்று பட்டறையில் சொல்கிறார்கள். இரும்பு என்ன, ஜவ்வு மிட்டாயா நீள்வதற்கு? உண்மையில் நீள்வது இரும்பன்று. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஒரு கண்ணியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலும், 50 கண்ணிகளில் அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அத்தனையும் சேர்ந்து சங்கிலி தொளதொளப்பாகிறது. கிராங்க் இழுத்தபிறகும் சற்றுத் தாமதித்தே கேம் நகரும். வால்வுகள் பிந்தித் திறந்து பிந்தி மூடும். சைக்கிளில் பின்சக்கரத்தைச் சிறிது பின்னுக்குத் தள்ளித் தொய்வை எடுத்துவிடுவோம். எஞ்சினில் இரு தண்டுகளையும் நகர்த்த இயலாது. எனவே தொய்வைத் தாங்கச் சில எஞ்சின்களில் ஸ்ப்ராக்கெட்டில் ரப்பர் வளையம் வைப்பார்கள். சிலவற்றில் வில்லின் விசையாலும் எண்ணெயின் அழுத்தத்தாலும் சங்கிலியை அழுத்திப் பிடிக்கும் 'டென்ஷனர்' இருக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

நாங்கள் பார்த்த காரின் உரிமையாளர் அதைத் திருமணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்கு விடுபவர். வீட்டிற்கு வருமானம் இந்த ஒரு வண்டிதான். சில மாதங்களாகவே காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் முன்புறத்தில் சலங்கைபோல ஒலி வந்ததாம். பாலம் ஏறினால் மூச்சு வாங்கியதாம். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணத்திற்கு மணமக்களை எண்ணூருக்கு அழைத்துச் செல்ல ஒப்புக்கொண்டிருந்தார். எண்ணூர் விரைவுச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய கவலை புரியும். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, இரவில், மணப்பெண்ணோடு கார் நின்றுபோனால் என்ன ஆகும்?

மேஸ்திரி அறுபதைக் கடந்தவர். ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் எதையும் கழற்றவில்லை. வால்வுகளின் இடைவெளி கூடினாலும் ஒலி வரும், செயின் தளர்ந்தாலும் ஒலி வரும் என்று கூறிவிட்டு, ஒரு சோதனை செய்து காட்டினார். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து, எங்களில் ஒருத்தியை அதன் உள்ளிருக்கும் ரோட்டரையே பார்க்கச் சொன்னார். டிஸ்ட்ரிப்யூட்டரைச் சுழற்றுவது கேம் தண்டு. அவர் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை முன்பக்கம் சிறிது சுற்றி நிறுத்தி, பிறகு பின்பக்கம் மெல்லத் திருப்பினார். கிராங்க் நன்றாகவே திரும்பிவிட்டது. ரோட்டரோ அதன்பிறகுதான் அசைந்தது. இந்த இடைப்பட்ட 'சும்மா' திருப்பம்தான் தேய்மானம். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. எங்களுக்கு இதுவே அன்று கண்டவற்றில் மிகவும் பிடித்தது.

பிறகு வேலை தொடங்கியது. பாட்டரி இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டர் நீரை வடித்து, ரேடியேட்டரையே வெளியே எடுத்தார்கள். அதை எடுக்காவிட்டால் எஞ்சினின் முகத்தருகே கை நுழையாது. விசிறி பெல்ட் கழன்றது. கிராங்க் முனையில் உள்ள பெரிய நட்டை மடக்கிப் பூட்டியிருந்த வாஷரை நிமிர்த்தினார்கள். நட்டு கழன்றபின் கப்பியைப் புல்லர் வைத்து மெல்ல இழுத்தார்கள். "சுத்தியலால் அடித்தால் சீக்கிரம் வந்துவிடாதா, ஐயா?" என்று கேட்டோம். "வந்துடும்மா, கூடவே வேற செலவும் வந்துடும்" என்றார். சுற்றிலுமுள்ள போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்ததும் கறுத்த எண்ணெய்க்கு நடுவே சங்கிலி தெரிந்தது.

இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளிலும் ஒவ்வொரு சிறு குழி இருக்கிறது. பட்டறையில் 'மார்க்' என்கிறார்கள். எங்களுக்கு அது நெற்றிப் பொட்டு போலத் தோன்றியதால் பொட்டு என்றே அழைத்தோம். இரு தண்டுகளின் மையங்களை இணைக்கும் கோட்டில் இரண்டு பொட்டும் எதிரெதிராக வந்து நிற்கவேண்டும். அதுதான் சரியான பொருத்தம். சங்கிலியைக் கழற்றுமுன் மேஸ்திரி எஞ்சினை மெல்லச் சுற்றி அவ்விடத்திற்குக் கொண்டுவந்தார். ஒரு பொட்டு நேர்க்கோட்டில் நின்றது, மற்றது நிற்கவில்லை. சங்கிலியைக் கையால் இறுக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"தேய்மானம் இல்லேண்ணே இது. ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்காங்க."

"இத்தனை வருஷமா நான் பெட்ரோலைத் திட்டிக்கிட்டு இருந்தேனே, மேஸ்திரி!" என்றார் உரிமையாளர்.

முன்பு எங்கோ, யாரோ சங்கிலியை மாற்றியபோது நேர்ந்த தவறு அது. கார் ஓடியது, ஓடியதால் யாரும் ஐயப்படவில்லை. கார் வயதானதால் இழுவை குறைந்தது என்றே அவர் நம்பியிருந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தோம். அவரோ தலையில் கைவைத்தபடி சிரித்துவிட்டார்.

அடுத்து எழுந்தது பணப் பிரச்சினை. புதுச் செயின் மட்டும் போதும், பல் நன்றாகத்தானே இருக்கிறது என்றார் உரிமையாளர். மேஸ்திரி ஸ்ப்ராக்கெட்டைத் துடைத்துக் காட்டினார். பற்கள் சமச்சீராக இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் குடைந்து கொக்கிபோல வளைந்திருந்தன. தேய்ந்த பல்லின்மேல் புதுச் சங்கிலி உட்கார்ந்தால் கண்ணிகள் சரியாகப் படியாமல் புதியதும் விரைவில் தேயும். இதில் எங்கள் கருத்து மேஸ்திரியின் பக்கமே. ரேடியேட்டர் முதல் மூடி வரை கழற்றிப் பூட்டும் கூலி எப்படியும் ஒன்றுதான்; இன்று மிச்சம் பிடித்தால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரிடும். சிறிது நேர யோசனைக்குப்பின் உரிமையாளர் சம்மதித்தார். செயின், இரு ஸ்ப்ராக்கெட்டுகள், டென்ஷனர், மூடியின் பேக்கிங், ஆயில் சீல் ஆகிய அனைத்தையும் வாங்கிவரப் பையன் ஒருவன் சைக்கிளில் பறந்தான்.

அவன் வருவதற்குள் மேஸ்திரி பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தார். துகள்கள் எண்ணெய்த் தொட்டிக்குள் விழாதபடி கீழே துணி அடைத்துக்கொண்டார். பெரிய ஸ்ப்ராக்கெட்டின் நட்டைக் கழற்றியபின், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சங்கிலியோடு சேர்த்தே, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக நெம்பி வெளியே எடுத்தார்.

மாட்டுவதும் அப்படித்தான். தண்டில் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதை மாட்டலாம் என்றால் சங்கிலி இடம் கொடாது. எனவே மேசைமேலேயே இரண்டு பொட்டுகளையும் எதிரெதிரே வைத்து, சங்கிலியைச் சுற்றி, மூன்றையும் ஒரே பொருளைப்போலத் தூக்கிக்கொண்டு போய், தண்டுகளில் உள்ள சாவிகளுக்கு நேராக ஒருங்கே தள்ளினார். முதல் முறை சாவி பொருந்தவில்லை. கேம் தண்டைச் சற்றே திருப்பி மறுபடி தள்ளினார். இரண்டாம் முறை வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வேடிக்கை பார்த்த எங்களுக்குத்தான் மூச்சு வந்தது.

அதன்பின் ஓர் இரும்பு அளவுகோலை எடுத்து இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளின் முகத்திலும் சேர்த்து வைத்துப் பார்த்தார். சிறியது மயிரிழை உள்ளே நின்றது. அதன் பின்னால் மெல்லிய தகட்டு வளையம் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுச் சமன்செய்தார். இரண்டும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் சங்கிலி கோணலாக இழுபட்டுப் பக்கத் தகடுகள் தேயும். இதைப் பார்க்காமலே மூடிவிடுவோரும் உண்டாம். நட்டை இறுக்கி, பூட்டு வாஷரை மடக்கி, டென்ஷனரைப் பொருத்தி, சங்கிலியின்மேல் புது எண்ணெயை ஊற்றினார். மூடியைப் போட்டபோதும் ஒரு நுட்பம் இருந்தது. போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டு, முதலில் கப்பியை ஆயில் சீலுக்குள் தள்ளினார். மூடி தானே நடுவில் வந்து அமர்ந்த பிறகுதான் இறுக்கினார். அப்படிச் செய்யாவிட்டால் சீல் ஒருபக்கமாக அழுந்தி எண்ணெய் ஒழுகும்.

மூடி போடுமுன் ஒன்று செய்தார்; அதைத் தனியாகச் சொல்லவேண்டும். ஹேண்டிலால் எஞ்சினை முழுதாக இரண்டு சுற்று, மிக மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்று முடிந்தபோது சிறிய பொட்டு தன் இடத்திற்கு வந்தது. பெரியது எதிர்ப்புறம் நின்றது. இரண்டாம் சுற்றில் இரண்டும் மீண்டும் எதிரெதிரே வந்து நின்றன. அந்த 'இரண்டுக்கு ஒன்று' கணக்கைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். எண்ணெயில் பளபளத்துக்கொண்டு அது எங்கள் கண்ணெதிரில் வந்து நின்றபோது எவரும் பேசவில்லை.

எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் இருமியது! பல் சரியாகிவிட்டதே, இப்போது ஏன்? காரணம் இதுதான். டிஸ்ட்ரிப்யூட்டரும் கேம் தண்டோடு சுழல்வது என்று கூறினோம் அல்லவா? ஒரு பல் தள்ளி மாட்டியிருந்த காலத்தில், தீப்பொறியும் நேரம் தவறாமலிருக்க டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பிச் சரிக்கட்டி வைத்திருந்தார்கள். இப்போது கேம் சரியான இடத்திற்கு வந்துவிட, அந்தச் சரிக்கட்டல் தவறாகிவிட்டது. மேஸ்திரி டிஸ்ட்ரிப்யூட்டரின் பிடியைத் தளர்த்தி, கப்பியிலுள்ள குறியைப் பார்த்து, புதிதாக நேரம் அமைத்தார். இம்முறை எஞ்சின் தையல் எந்திரம்போல் சீராக ஓடிற்று. சலங்கை ஒலி இல்லை. உரிமையாளர் உடனே இராயபுரம் மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தைக் கண்டதுமே ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தைப்பற்றி நாங்கள் கேட்கவில்லை.

நம் வீடுகளில் உள்ள இன்றைய கார்களில் நிலைமை வேறு. 1983-இல் வந்த மாருதி 800-லும், 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரித்த பழைய சான்ட்ரோவிலும் சங்கிலிக்குப் பதிலாகப் பல்வைத்த ரப்பர் பெல்ட் இருந்தது. பெல்ட் எடை குறைவு, ஒலியும் குறைவு, எண்ணெய் வேண்டாம். ஆனால் சங்கிலி தேய்ந்தால் சலசலத்து எச்சரிக்கும். ரப்பர் பெல்ட் பெரும்பாலும் சொல்லாமலே அறுந்துவிடும். சில எஞ்சின்களில் அப்போது பிஸ்டன் வந்து திறந்திருக்கும் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். ஆகவே கையேட்டில் குறித்த தூரம் ஓடியதும், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், பெல்ட்டை மாற்றிவிடவேண்டும். இப்போது பல புதிய கார்களில் மீண்டும் சங்கிலியே வருகிறது. 2001-இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகத்தின் வழியே கார்கள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. 1949-இல் பகுதிகளாகக் கார் வந்து இறங்கிய அதே கரையோரம்!

பெற்றோர்கள் தங்கள் காரில் இருப்பது சங்கிலியா பெல்ட்டா என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சங்கிலியானால் அதன் ஆயுள் எண்ணெயில் இருக்கிறது. ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே செல்லும் எண்ணெய்ப் படலம்தான் இரும்பை இரும்பிலிருந்து பிரித்து வைக்கிறது. எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டால், அதில் சேர்ந்த கரியும் துகளும் அரத்தூள் போலக் கண்ணிகளுக்குள் வேலைசெய்யும். டென்ஷனருக்குச் செல்லும் சிறு துளையும் அடைபடலாம். மேஸ்திரி பழைய மூடியின் உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினார். தார்போல் ஒட்டிக்கொண்டு வந்தது.

பழைய சங்கிலியை மேஸ்திரி எங்களுக்கே கொடுத்துவிட்டார். மண்ணெண்ணெயில் கழுவி, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சன்னலோர மேசையில் வைத்திருக்கிறோம். அதைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்துத் தூக்கினால் வில்லைப்போல் கீழே வளையும். புதுச் சங்கிலி அவ்வளவு வளையாது. இரு முனைகளிலும் ஆணி வைத்து இறுக்கி, கண்ணிகளை எண்ணி, வெர்னியர் அளவியால் ஊசிக்கு ஊசி அளந்தால் தேய்மானம் எவ்வளவு என்று கணக்கிடலாம். பத்தாம் வகுப்பு மாணவியர் சிலர் இப்போதே அளக்கத் தொடங்கிவிட்டனர். கையைத் துடைக்கப் பழைய துணி கொண்டுவருக. மேசை விரிப்பில் துடைக்கக் கூடாது என்பது ஆய்வுக்கூடச் சகோதரியின் கட்டளை.